ஒரே பௌர்ணமிக்கு இரண்டு நோன்பு

சர்ச்சில் நன்மை வாங்கும் நேரம் வந்தால் எனக்கு ஒரே ஒரு வேலைதான். முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விடுவது. என் கணவர் எழுந்து போவார். என் மகள் எழுந்து போவாள். பிரசங்கம் முழுக்கத் தூங்கி வழிந்த ஆள்கூடச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சாமியாரிடம் அப்பம் வாங்க வரிசையில் போய் நிற்பார். நான் மட்டும் எல்லாருடைய கைப்பைக்கும் காவலாக உட்கார்ந்திருப்பேன். ஞானஸ்நானம் வாங்காதவளுக்கு அந்த அப்பம் கிடையாது. ஒருமுறை யாரோ வெளியூர்க்காரம்மா என்னைத் தாண்டிப் போகும்போது குனிந்து, "என்னா பாவம்மா செஞ்ச? சாமியாருகிட்டச் சொல்லிட்டு வந்து வாங்கிக்க" என்று காதில் ஓதிவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருடைய கைப்பையை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். அடக்கிக்கொண்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். என் கணவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா போன பிறகு அம்மாவுக்கு நான் ஒருத்திதான். தோட்டம் கைமாறியபோது கிடைத்த சின்ன வீட்டில் அவள் இன்னும் தனியாக இருக்கிறாள். நான் கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கட்டளை போட்டாள்.

"தாலிய எங்க வேணா கட்டிக்க. தலையில தண்ணி மட்டும் ஊத்திக்காத. நான் செத்தா கொள்ளி வைக்க நீதான் இருக்க. மாறிப்போயிட்டா நான் அனாதப் பொணம்."

சரி என்றேன். சர்ச்சில் அதற்கும் ஒரு அனுமதி உண்டு, கொடுத்தார்கள். என் மகளுக்குத் தண்ணீர் ஊற்றியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி அவர்கள் வீட்டுப் பிள்ளை, மகள் தன்னுடையவள் என்பது அவள் கணக்கு.

அப்படி இருந்தவளுக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. எனக்கு எந்த நோயும் குணமாகவில்லை, கனவில் யாரும் வரவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது செமாபோக் பக்கம் கார்கள் நகராமல் நிற்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இயேசுவிடம் பேச ஆரம்பித்தேன். மேனேஜரைத் திட்டுவேன், மாமியாரைத் திட்டுவேன், சில நாள் இயேசுவையே திட்டுவேன். பேசிப் பேசிப் பழகிவிட்டது. ஒரு பெரிய வெள்ளியில் எல்லாரும் சிலுவையை முத்தி செய்யப் போனார்கள். அதற்குமட்டும் யாரும் போகலாம். நானும் போனேன். அந்த மரப்பாதத்தில் வாய் வைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தினமும் பேசுகிற ஆளை இப்படி அடித்துப் போட்டிருக்கிறார்களே என்று இருந்தது. அதற்கு மேல் என்னால் பெஞ்சில் சும்மா உட்கார முடியவில்லை.

ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களுக்கான வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர் ஒருவர்தான் பாடம் எடுத்தார். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி தண்ணீர் ஊற்றுவார்கள், அதற்கு முன் தவக்காலம் முழுவதும் ஒழுங்காக நோன்பிருந்து ஜெபிக்க வேண்டும் என்றார். "வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார். கணவரும் மாமியாரும் சந்தோஷப்படுகிறார்கள் என்றேன். அம்மாவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தவக்காலம் தொடங்குவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று வேலை முடிந்து நேராகச் சாயந்தரப் பூசைக்குப் போனேன். சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். வெளியே வந்து போனைப் பார்த்தால் அம்மா விடாமல் அழைத்திருக்கிறாள். கேஸ் தோங் தீர்ந்துவிட்டது, கடைக்காரன் போனை எடுக்கவில்லை, அடுப்பு எரியவில்லை. அம்மாவுக்கு இனிப்பு நீர். வலது பாதத்தில் ஒரு புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது, கடைக்கு நடக்க முடியாது. வீட்டுக்குக்கூடப் போகாமல் அப்படியே அலோர் காஜா ரோட்டில் வண்டியை விட்டேன். காரில் ஏர்கோன் வேறு வேலை செய்யவில்லை. வியர்வையைத் துடைத்துத் துடைத்துச் சிலுவையின் கோடெல்லாம் அழிந்து நெற்றி முழுக்கப் பட்டையாகிவிட்டது. அது எனக்குத் தெரியாது.

வழியில் வாங்கிய கேஸ் தோங்கை உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா நாற்காலியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து முதலில் தோங்கைப் பார்த்துத்தான் இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன்.

"அடியே! கோயிலுக்கா போயிட்டு வர்ற? நெத்தி நெறைய விபூதி!"

எழுந்து நொண்டி நொண்டி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இத்தன வருசம் கழிச்சு என் புள்ள நெத்திய இப்பதான் பாக்குறேன். முருகா, முருகா" என்றாள். கண்ணில் தண்ணீர். நான் வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியது ஒரே வரி. அவள் கையோ என் கன்னத்தில் இருக்கிறது. சாப்பிட உட்காரச் சொன்னாள். கோழி இருக்கிறது என்றாள். இன்றைக்குக் கவிச்சி வேண்டாம், விரதம் என்று சொல்லித் தொலைத்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். வயிற்றுவலி என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

"எத்தன நாளு?"

"ஈஸ்... ஏப்ரல் வரைக்கும்மா."

அம்மா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பங்குனி உத்திரமும் ஈஸ்டருக்கு முந்தின பௌர்ணமிக்குத்தான் வந்தது. பெரிய வியாழனுக்கு முதல் நாள். அவள் மனதில் எல்லாம் பொருந்திவிட்டது. தன் காலுக்காக மகள் முருகனுக்கு விரதம் எடுத்திருக்கிறாள், வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறாள். மறுநாள் காலை பத்து மணிக்குள் அந்த வரிசை வீடு முழுக்க விஷயம் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் போன் போட்டு, "நல்ல காரியம்லா தங்கச்சி, ஒங்கம்மா தரையிலயே நிக்கல" என்றார்.

அதற்குப் பிறகு நான் இரண்டு வீட்டு நோன்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். அந்த வருஷம் மலாய்க்காரர்களின் புவாசா நோன்பும் கூடவே வந்தது. ஆபீசில் பக்கத்து மேசை மலாய்க்கார அக்கா, மதியம் நான் சாப்பிடப் போகாததைப் பார்த்து, "நீயுமா புவாசா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

ஞாயிறு காலை பூசையில் எங்களை முன்னால் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். பிரசங்கம் முடிந்ததும் டீச்சரோடு பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுவார்கள். மதியம் அம்மா வீட்டில் சாப்பாடு. நான் விரதம் இருக்கும்போது தான் மட்டும் மீன் தின்னக் கூடாதென்று அம்மாவும் கவிச்சியை நிறுத்திவிட்டாள். முருங்கைக்கீரை, பரங்கிக்காய் பிரட்டல், சோயாத் தவ்வுக் கறி என்று எனக்காகவே சமைத்து வைப்பாள். "விரதக்காரி மொதல்ல சாப்புடு" என்று என் தட்டில் போட்டுவிட்டுத்தான் தனக்குப் போட்டுக்கொள்வாள். காலையில் கேட்ட பிரசங்கம் தொண்டையில் இருக்கும், அதற்கு மேல் இந்தச் சோறும் இறங்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவேன். ஒவ்வொரு ஞாயிறும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்புவேன்.

கணவரிடம் சொன்னால் அவர் தோளைக் குலுக்கினார்.

"அது ஒங்க அம்மா. நான் போயி என்னத்தச் சொல்றது? மருமவன்தான் மாத்திட்டான்னு என் தலையிலதான் விழும்."

"ஒங்க தலையில விழக்கூடாது, என் தலை மட்டும் உருளலாம்?"

"நீதானே தண்ணி ஊத்திக்கப் போற. ஒன் தலைதான் உருளும்" என்று ஜோக் அடித்தார். அன்று இரவு அவருக்குச் சோறு நானாகப் போடவில்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. புண் ஆற ஆரம்பித்தது. கிளினிக்கில் மருந்தை மாற்றியிருந்தார்கள், அம்மாவும் இனிப்பைக் குறைத்திருந்தாள், நான் வாரத்துக்கு மூன்று முறை போய்க் கட்டு மாற்றினேன். யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். நான் கதிகலங்கிப் போனேன். அம்மா புதுத்தோல் வந்த இடத்தைத் தடவிக் காட்டி, "பாத்தியா, ஒன் விரதம்" என்றாள். அதோடு விடவில்லை. கால் குணமானால் பங்குனி உத்திரத்துக்கு மகள் பால்குடம் எடுப்பாள் என்று எனக்காக அவளே வேண்டிக்கொண்டும் விட்டாள். கோயிலில் பேரும் கொடுத்தாயிற்று. மஞ்சள் புடவையும் வாங்கியாயிற்று.

அப்போதுதான் டீச்சரிடம் போய் அழுதேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "ரெண்டையும் செஞ்சீன்னா ரெண்டு பக்கமும் பொய்யாப் போயிடும்மா. பால்குடத்தை எடு, இல்ல ஞானஸ்நானத்தை எடு. எதை எடுத்தாலும் ஒங்கம்மாவுக்கு உண்மையச் சொல்லு" என்றார். அடுத்த ஞாயிறு லாசரைக் கல்லறையிலிருந்து கூப்பிடும் வாசகம். செத்து நாலு நாளானவனை வெளியே வா என்றதும் அவன் வந்துவிட்டான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவனுக்கு அவன் அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பங்குனி உத்திரத்தன்று லீவு போட்டேன். பெரிய வெள்ளிக்கென்று வைத்திருந்த லீவு அது. இந்தப் பக்கம் பெரிய வெள்ளி வேலைநாள்தானே. விடியும்போதே அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் தலைக்குக் குளித்துவிட்டு, குடத்தின் கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேப்பிலை. புடவை மடித்து நாற்காலியில் இருந்தது.

"இந்தா, கட்டிக்க. ஏழு மணிக்கெல்லாம் ஆத்தங்கரையில நிக்கணும்."

"மா, நான் எடுக்க முடியாது."

"ஏன்? வீட்டுக்குத் தூரமா?"

"இல்ல." நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். "அன்னைக்கு நெத்தியில இருந்தது நம்ம கோயில் விபூதி இல்லம்மா. சர்ச்சுல பூசின சாம்பல். விரதமும் அதுக்குத்தான். வர்ற சனிக்கெழம நான் தலையில தண்ணி ஊத்திக்கப் போறேன்."

அம்மாவின் கை நூலில் நின்றுவிட்டது. கத்துவாள், அடிப்பாள், குடத்தைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் குடத்தையே பார்த்தாள். பிறகு, "அப்ப என் காலு?" என்றாள்.

"மருந்தும்மா. மருந்து மாத்துனாங்கல்ல."

"ஓ" என்றாள். மெதுவாக எழுந்தாள். புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அதைத் தானே கட்டியிருந்தாள்.

"வேண்டுனது நானு. நானே எடுக்குறேன்."

"புண்ணோட எப்பிடிம்மா நடப்ப? செருப்பு போடக் கூடாது, தார் ரோடு கொதிக்கும். பைத்தியமா ஒனக்கு?"

"சாமிக்குச் சொன்ன வாக்கு. நீ எனக்குக் குடுத்த வாக்கு மாதிரியா?"

ஆற்றங்கரைக்கு அவளைக் காரில் கூட்டிப்போனேன்.

பால் நிறைந்த குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு என் அம்மா வெறுங்காலோடு நடந்தாள். அவள் வயதில் அந்த வரிசையில் வேறு யாரும் இல்லை. நான் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன். குடம் எடுப்பவர்களின் காலில் வழியில் நிற்பவர்கள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம்தான். நான் நின்று ஊற்றவில்லை, கூடவே ஓடி ஓடி ஊற்றினேன். தண்ணீர் தீர்ந்தால் யார் வீட்டுக் குழாயிலாவது பிடித்துக்கொண்டு ஓடி வருவேன். பாதிவழியில் கட்டு அவிழ்ந்து விழுந்தது. குனிந்து அவள் பாதத்தைப் பிடித்தேன். "விடு, குடம் ஆடும்" என்றாள். அவ்வளவுதான் அன்று முழுக்க என்னோடு பேசியது. கோயில் வாசலில் தண்ணீரை ஊற்றும்போது அது சிவப்பாக ஓடியது. நேராகக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட மிஸ்ஸி, அம்மாவைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். பெற்ற தாயை இப்படி விடுவாயா என்றார்.

மறுநாள் பெரிய வியாழன். சர்ச்சில் சாமியார் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து முழங்காலிட்டு ஒவ்வொருவர் பாதமாகக் கழுவினார். என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்க் கார்களுக்கு நடுவில் நின்றேன். வெள்ளிக்கிழமை ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் வாங்கிக்கொண்டு சிலுவையை முத்தி செய்யப் போனேன். இந்தத் தடவை அழவில்லை. "நீயும் ஒங்கம்மா பாக்கத்தானே செத்த? அந்தம்மாகிட்ட என்னா சொன்ன?" என்று அவரைக் கேட்டேன். கோபமாகவே கேட்டேன்.

சனிக்கிழமை சாயந்தரம்வரை போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் கிடந்தேன். போனால் அம்மா போய்விடுவாள். போகாவிட்டால் இனி எந்த முகத்தோடு சிக்னலில் நின்று அவரோடு பேசுவேன்? அம்மாவுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துக் கேட்டேன். "காலைத் தூக்கி வச்சிக்கிட்டு டிவி பாக்குறாங்கலா. போன் அவங்க மடியிலதான் இருக்கு" என்றார். அதைக் கேட்டபிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளை உடுப்பை எடுத்து மாட்டினேன்.

விளக்கெல்லாம் அணைத்திருந்தது. ஒருவர் மெழுகுவத்தியிலிருந்து இன்னொருவர் மெழுகுவத்திக்கு வெளிச்சம் போனது. என் முறை வந்தது. தொட்டிமேல் குனிந்தேன். தண்ணீர் சில்லென்று தலையில் விழுந்து காதுக்குள் இறங்கியது. எனக்குள் ஏதாவது பெரிதாகத் திறக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அம்மாவின் குரல்தான் கேட்டது. ஆனாலும் நிமிர்ந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று மகள் சொன்னாள். நன்மை வாங்கும் நேரம் வந்ததும் முழங்காலை ஒதுக்கப் போய், பிறகு நினைவு வந்து எழுந்தேன். அந்த அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் போன் போட்டுச் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆள்தான் தோன்றியது. அந்த ஆளுக்கு மட்டும் சொல்ல முடியாது.

ஈஸ்டர் அன்று காலையில் கணவர் கோலா சுங்கை பாருவுக்குப் போய் மீன் வாங்கி வந்தார். செனாங்கின், அம்மாவுக்கு உயிர். இவ்வளவு நாள் வாயைக் கட்டியிருக்கிறாளே என்று புளி தூக்கலாக வைத்து, வெண்டைக்காய் போட்டுக் கறி சமைத்து நான் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறக்க மாட்டாளோ என்று பயந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு, "சாப்டியா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்த் தட்டு வைத்தேன், சோறு போட்டேன், நடுத்துண்டாகப் பார்த்து எடுத்தேன். அம்மா கையை நீட்டித் தட்டை மறைத்தாள்.

"எனக்கு ரசம் போதும். அடுப்புல இருக்கு பாரு."

"விரதந்தான் முடிஞ்சிருச்சேம்மா. பால்குடம் எடுத்தாச்சு."

"அது அந்த வேண்டுதல். இது வேற."

"வேறன்னா?"

"நீ திரும்பி வர்ற வரைக்கும் கவிச்சி தொட மாட்டேன்னு முருகன்கிட்டச் சொல்லிட்டேன்."

"எப்ப சொன்ன?"

"நேத்து. நீ அங்க தண்ணி ஊத்திக்கிட்டிருந்த நேரந்தான்."

டாக்டர் மீன் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்றேன். இந்த வயதில் இப்படி ஒரு நோன்பு எதற்கு என்று கத்தினேன். கெஞ்சினேன், கடைசியில் அழுதேன். அம்மா தானே எட்டி ரசத்தை எடுத்துச் சோற்றில் ஊற்றி நிதானமாகப் பிசைந்தாள். முகத்தில் கோபம் இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கோபமே இல்லை.

"நான் வரலேன்னா?" என்றேன்.

"வரலேன்னா என்னா இப்ப?" என்றாள் அம்மா, ஒரு வாய் எடுத்துக்கொண்டே. "பாசார்ல காய்கறி விக்காமயா போயிடும்?"